கானாவூர்க் கலியாணமும் நம் வீட்டுக் கணக்கும்



தை பிறந்தது முதல் நம் கோயிலில் கலியாண ஓலை வாசிக்கப்படாத ஞாயிறு இல்லை. தபசுகாலம் தொடங்குவதற்குள் பிள்ளைகளைக் கரையேற்றிவிட வேண்டுமென்று பெற்றோர் ஓடியாடி அலைகிறார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும் இந்த வழக்கம் நேற்று ஏற்பட்டதல்ல. 1215-ம் ஆண்டில் கூடிய லாத்தரன் பொதுச்சங்கம், கலியாணங்கள் ஒளிவுமறைவாக நடக்கக் கூடாதென்று கட்டளையிட்டு, முன்கூட்டியே கோயிலில் அறிவிக்கும் முறையைத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்திற்று. தடை ஏதேனும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் நம்மில் எல்லாருக்கும் தெரிந்த, ஒருவரும் சொல்லாத ஒரு தடை உண்டு. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சில நாட்களுக்கு முன் ஒரு தகப்பனார் தம் மகளின் கலியாணத்துக்குப் பெயர் கொடுக்க அறைவீட்டுக்கு வந்தார். மகளுடைய ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் அது சான்றிதழல்ல. வரிசையாகப் பதினோரு இனங்கள் எழுதியிருந்தன: நகை இத்தனை பவுன், ரொக்கம் இவ்வளவு, மாப்பிள்ளைக்கு வண்டி, மண்டப வாடகை பெண் வீட்டார் பொறுப்பு, கட்டில், பீரோ, குளிர்பெட்டி, சலவை இயந்திரம், இப்படி. சிலவற்றுக்கு எதிரே பேனாவால் குறியிட்டிருந்தது. அவர் பதறிப் போய்க் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “சுவாமி, அது கடைக் கணக்கு” என்றார். பாவம், மறைப்பதற்காகச் சொன்ன சொல்தான்; ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை. அது கடைக் கணக்குதான்.

அந்தக் குடும்பம் எது என்று தேட வேண்டாம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். மேலும், அப்படிப்பட்ட காகிதம் எத்தனை சட்டைப் பைகளில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

பிரியமானவர்களே, பணம் பாவமல்ல. கடைத்தெருவும் பாவமல்ல. ஆனால் கடைத்தெருவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை அது இரண்டு வாசல் வழியாகத் தாண்டி நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. தலைவாசல் வழியாக வந்து மணப்பெண்ணுக்கும் மணமகனுக்கும் விலை வைத்தது. கொல்லைவாசல் வழியாக வந்து, சம்பளமில்லாத வேலை வேலையே அல்ல என்று நம்மை நம்பச் செய்தது. விளைவு என்ன? விலை வைக்கக் கூடாததற்கு விலை வைக்கிறோம். கூலி கொடுக்க வேண்டியதற்குக் கூலி கொடுக்கத் தயங்குகிறோம். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

முதலில் தலைவாசலைப் பார்ப்போம்.

சீதனம் நம் முன்னோர் வழக்கம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஊரில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். நம் நாட்டில் பற்பல ஜாதி ஜனங்களிடையே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுத்தார்கள். வயலிலும் வீட்டிலும் உழைக்கும் ஒரு பெண்ணைப் பிறந்த வீடு இழக்கிறது என்பதை அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பிறகு மாதச் சம்பளமும் சர்க்கார் உத்தியோகமும் வந்தன. வெளிநாட்டுப் பணம் வந்தது. ஆணின் உழைப்பு ரொக்கமாயிற்று. பெண்ணின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. பரிசம் சுருங்கிப் பெயரளவுக்கு வந்தது, சீதனம் பெருத்தது. ஆகவே இது மூதாதையர் தந்த முதுசொம் அல்ல. சந்தை தந்த புதுவழக்கம்.

2000-ம் ஆண்டில் 4,000 ரூபாய்க்குள் இருந்த ஒரு பவுன் தங்கம் 2025-ல் 70,000 ரூபாயைத் தாண்டிற்று. ஆனால் கேட்கும் பவுனின் எண்ணிக்கை அதற்கேற்பக் குறைந்ததா? பெண்ணைப் பெற்றவன் நிலத்தை விற்கிறான், படகை அடகு வைக்கிறான், வட்டிக்கு வாங்குகிறான். வரன் பார்ப்பதுகூட இன்று வியாபாரமாகிவிட்டது. முன்பு உறவுமுறையாரும் உபதேசியாரும் செய்த வேலையை இன்று கம்பெனிகள் கட்டணத்துக்குச் செய்கின்றன. சென்னையிலுள்ள அப்படிப்பட்ட ஒரு கம்பெனியின் பங்குகள் 2017-ம் ஆண்டு முதல் பங்குச் சந்தையில் விற்கப்படுகின்றன. வரன் தேட வசதியான வழியைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. ஆனால் உயரம், நிறம், சம்பளம், சொத்து என்று வடிகட்டி வடிகட்டி மனிதரைப் பார்க்கப் பழகிய கண், கடையில் சாமான் பார்க்கும் கண்ணாகவே மாறிவிடும். அதற்கு எச்சரிக்கையாயிருங்கள்.

இதைவிட நெஞ்சை உருக்கும் காரியம் ஒன்றுண்டு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளின் நூற்பாலைகள் பலவற்றில் “சுமங்கலித் திட்டம்” என்ற பெயரில் ஒரு முறை நடந்து வந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகள் ஆலை விடுதியில் தங்கி ஏறக்குறைய மூன்று வருஷம் வேலை செய்ய வேண்டும். முடிவில் 30,000, 40,000, 50,000 என்று மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும்; அதைக் கொண்டு கலியாணம் செய்துகொள்ளலாம் என்பது பேச்சு. வியாதியினாலோ வேறு காரணத்தினாலோ இடையில் வெளியே வந்தால் அந்தத் தொகை கைக்கு வராமற் போன பிள்ளைகள் அநேகர். பஞ்சுத் தூசியைச் சுவாசித்து, இரவுமுறை பார்த்து, இளமையைக் கொடுத்து, அவர்கள் எதை வாங்கப் போனார்கள்? ஒரு புருஷனை!

வேதாகமத்தில் யாக்கோபு ராக்கேலை மணப்பதற்காக அவள் தகப்பன் லாபானிடம் ஏழு வருஷம் வேலை செய்தான். அவள்மேல் கொண்ட நேசத்தால் அந்த வருஷங்கள் அவனுக்குச் சில நாட்களைப்போல் தோன்றின என்று ஆதியாகமம் சொல்லுகிறது. அங்கே ஆண் பெண்ணுக்காக உழைத்தான். இங்கே பெண், இன்னும் முகமறியாத ஆணுக்காக உழைக்கிறாள். ஆனால் அந்தச் சரித்திரத்தில் நாம் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. வருஷங்கள் பல கழிந்தபின் ராக்கேலும் அவள் தமக்கை லீயாளும் தங்கள் தகப்பனைப் பற்றி மனம் கசந்து பேசுகிறார்கள். அவன் தங்களை அந்நியரைப்போல் எண்ணினான், தங்களை விற்று அந்தப் பணத்தையும் தின்றுவிட்டான் என்று முறையிடுகிறார்கள். விற்கப்பட்ட பிள்ளை மறப்பதில்லை, பிரியமானவர்களே. பணம் எந்தப் பக்கமாய்க் கைமாறினாலும் அந்தக் கசப்பு ஒன்றே. இன்று விற்கப்படுகிறவன் மகனாயிருந்தாலும் அவனும் மறக்க மாட்டான். தன் தாய் தகப்பன் தன்னை என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்று அவனுக்குத் தெரியும்; அவன் மனைவிக்கும் தெரியும்.

“அப்படியானால் எங்கள் மகளுக்கு நாங்கள் ஒன்றும் கொடுக்கக் கூடாதா?” என்று கேட்பீர்கள். தாராளமாகக் கொடுங்கள். 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த கிறீஸ்தவ தாய் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்கிறது. அந்தப் பங்கை அவள் பெயரிலேயே எழுதிக் கொடுங்கள். அது பிள்ளையின் உரிமை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு, பேரம் பேசி, குறியிட்டு வாங்குவது வேறு, அது விலை. 1961-ம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் அதைக் குற்றமென்கிறது. வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் ஐந்து வருஷத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை என்று பிற்பாடு செய்த திருத்தம் சொல்லுகிறது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. மெய்விவாகம் ஒரு தேவதிரவிய அனுமானம். அதை நிறைவேற்றுகிறவர் குருவானவர் அல்ல. மணமக்களே ஒருவருக்கொருவர் நிறைவேற்றுகிறார்கள். இருவருடைய சுயாதீனமான சம்மதமே விவாகத்தை உண்டாக்குகிறது. அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக வேறு எந்த மனித அதிகாரமும் நிற்க முடியாது என்று திருச்சபைச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. ஒருவர் தம்மையே முழுவதும் கொடுக்கிறார்; மற்றவர் தம்மையே கொடுத்து ஏற்றுக்கொள்ளுகிறார். கொடை என்பதும் விலை என்பதும் ஒரே பீடத்தின் முன் எப்படி நிற்கும்?

இங்கே என் குற்றத்தையும் நான் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில், ஓர் ஏழை விதவையின் மகளுக்காகப் பலரிடம் கேட்டுச் சீதனப் பணம் சேர்த்துக் கொடுத்தேன். அர்ச். நிக்கோலாஸ் ஏழைத் தகப்பன் ஒருவனுடைய மூன்று பெண்களுக்காக இரவில் ஒருவரும் அறியாமல் பொன் முடிப்பைப் போட்டார் என்ற வரலாற்றை நினைத்து, நானும் தர்மம் செய்கிறேன் என்று சந்தோஷப்பட்டேன். சுவாமியார் துணையிருக்கிறார் என்று அறிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் தொகையை உயர்த்தினார்கள். அதையும் சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த வருஷம் அதே தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அந்தத் தொகையே அளவாயிற்று. ஏழைக்கு உதவினேன் என்று நினைத்தேன். ஏழைகளின்மேல் விலையை ஏற்றினேன். சர்வேசுரன் என்னை மன்னிப்பாராக.

இனிக் கொல்லைவாசலுக்கு வருவோம்.

என் தாயார் மாலை நேரத்தில் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து மாவாட்டுவார்கள். ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறுகையால் மாவைத் தள்ளி, எங்களுக்குச் செபமும் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த வலியை நான் புகழ மாட்டேன். இயந்திரம் வந்தது நல்லதே. 2011-ம் ஆண்டில் நம் மாநில அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது எத்தனையோ தாய்மாரின் தோள்வலி தீர்ந்தது. இன்று அரைத்த மாவும் பொடித்த மசாலாவும் கடையில் பொட்டலமாய்க் கிடைக்கின்றன. கலியாண வீட்டில் உறவுப் பெண்கள் கூடியிருந்து விடியவிடியக் காய் நறுக்கிய காலம் போய், சமையலும் பரிமாறலும் குத்தகைக்குப் போயின.

ஆனால் ஒரு வேலையைக் கடையில் வாங்கலாம் என்றானவுடன், வாங்கப்படாமல் வீட்டில் செய்யப்படும் வேலைக்கு மதிப்பில்லை என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. “உங்கள் சம்சாரம் என்ன செய்கிறார்கள்?” என்று நான் வீடு சந்திக்கையில் கேட்டால், “வீட்டில் சும்மாதான் இருக்கிறாள், சுவாமி” என்று பதில் சொல்லுகிறவர்கள் உண்டு. அந்தச் சும்மாவை மத்திய அரசு 2019-ம் ஆண்டில் அளந்து பார்த்தது. வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் ஒருத்தி சம்பளமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிட்டாள். ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் குறைவு. அவ்வேலையில் ஈடுபட்ட ஆணுக்கு 97 நிமிஷம். அதுவும் நூறு ஆண்களில் இருபத்தாறு பேர்தான் அப்படி ஈடுபட்டார்கள். சம்பள வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணுக்கோ இரண்டு பாரம். அவள் சம்பளம் வேண்டும் என்று பெண் பார்க்கும்போதே கேட்கிறார்கள். அவள் சமையலும் வேண்டும் என்று பிற்பாடு கேட்கிறார்கள்.

நீதிமன்றங்கள் இதைக் கண்டுகொண்டன. 2021-ம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம், விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசியைப் பற்றிய வழக்கில், அவளுடைய வேலைக்கும் வருமானம் என்று ஒரு மதிப்பு வைத்தே நஷ்டஈடு கணக்கிட வேண்டும் என்று தீர்த்தது. 2023-ம் ஆண்டு ஜூனில் நம் சென்னை உயர்நீதிமன்றம், கணவன் வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் காத்துப் பிள்ளைகளை வளர்த்த மனைவிக்கும் சமபங்கு உண்டு என்றது. பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் 1981-ம் ஆண்டில் குடும்பத்தைப் பற்றி எழுதிய நிருபத்தில், வீட்டில் பெண்கள் செய்யும் வேலை எல்லாராலும் அங்கீகரிக்கப்பட்டு மேன்மைப்படுத்தப்பட வேண்டும் என்று முன்னமே கேட்டிருந்தார்.

அப்படியானால் மனைவிக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லுகிறேனா? இல்லை. சட்டத்துக்குப் பணம் ஒன்றே அளவுகோல். அதற்கு வேறு வழியில்லை. குடும்பத்துக்கோ வேறு அளவுகோல் உண்டு. கொடைக்கு ஈடு மறுகொடைதான். அவள் தன் நாளைக் கொடுத்தால் நீயும் உன் நாளில் ஒரு பங்கைக் கொடு. பாத்திரம் துலக்குவதால் ஆண்மை போய்விடாது. நாசரேத்தூர்த் திருக்குடும்பத்தில் சேசுநாதர் முப்பது வருஷமளவும் மறைந்திருந்து வாழ்ந்தார். நம் வீட்டுச் சிறுவர்களோ தின்ற தட்டை எடுத்து வைக்கவும் தங்கையை ஏவுகிறார்கள். தாய்மாரே, இதில் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. மகனை ராஜாவாக வளர்த்துவிட்டு மருமகளை வேலைக்காரியாக எதிர்பார்க்காதேயுங்கள்.

வேலைக்காரி என்றேன். அந்தச் சொல்லிலேயே நிற்போம். நம் பங்கில் பல வீடுகளில் பாத்திரம் துலக்கவும், வீடு பெருக்கவும், முதியோரைப் பார்க்கவும் பெண்கள் வருகிறார்கள். அவர்களிலும் பலர் நம் பங்கு மக்களே. நம்மோடு ஒரே பந்தியில் நன்மை வாங்குகிறவர்கள். மண்டபத்துக்கு லட்சங்களைக் கொடுக்கிற நாம், இவர்கள் மாதம் 200 ரூபாய் கூட்டிக் கேட்டால் முகம் சுளிக்கிறோம். ஒரு நாள் வராவிட்டால் கூலியைப் பிடிக்கிறோம். தனிக் குவளை, தனித் தட்டு வைத்திருக்கிற வீடும் உண்டு என்று கேள்விப்படுகிறேன். கூலிக்காரனின் கூலியை வஞ்சிப்பது பரலோகத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்தோம். பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ம் ஆண்டில் தொழிலாளரைப் பற்றி எழுதிய நிருபத்திலும் அதையே இடித்துரைத்தார். ஆலைக்கூலிக்கு மட்டுமல்ல, அடுப்படிக் கூலிக்கும் அது பொருந்தும்.

உலகமும் மெல்ல விழித்துக்கொண்டிருக்கிறது. பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த கன்னியாஸ்திரீ சகோதரி ஜீன் தேவோஸ், வீட்டுப் பணியாளர்களைக் கூட்டி 1985-ல் ஓர் இயக்கம் தொடங்கினார். நம் மாநிலத்தில் 2007-ல் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் ஏற்பட்டது. 2011-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, வீட்டு வேலையும் மற்ற வேலையைப்போல் கண்ணியமான வேலை என்று ஓர் ஒப்பந்தம் செய்தது. திருச்சபையோ பல நூற்றாண்டுகளுக்கு முன்னமே இத்தாலி தேசத்து லுக்கா நகரில் ஒரே வீட்டில் வேலைசெய்து 1272-ல் மரித்த சீத்தா என்னும் பணிப்பெண்ணைப் பீடத்தில் ஏற்றி வணங்கிற்று.

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குக் கை கூசிற்று. அறைவீட்டில் சமைத்துப் போடும் அம்மாளுக்கு மூன்று வருஷமாக நான் சம்பளம் கூட்டவில்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓய்வு நாளைப் பற்றிப் பிரசங்கிக்கிற எனக்கு, அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்கிறவர்கள் நினைவுக்கு வரவில்லை. இந்த மாதம் முதல் அதைச் சரிசெய்திருக்கிறேன். ஞாயிறு மதியம் நானே சோறு வடித்துக்கொள்ளுகிறேன். ருசி சொல்லிக்கொள்ளும்படி இல்லை, மனச்சாட்சிக்கு நன்றாயிருக்கிறது.

இப்போது கானாவூருக்குப் போவோம். கலியாண வீட்டில் இரசம் குறைந்தது. தேவமாதா அதைக் கண்டார்கள். கற்சாடிகள் ஆறு இருந்தன. சேசுநாதர் பணிவிடைக்காரரை நோக்கித் தண்ணீர் நிரப்பச் சொன்னார். அவர்கள் வாய்மட்டும் நிரப்பினார்கள். நல்ல இரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி விசாரிப்புக்காரன் அறியவில்லை. மணமகனும் அறிந்ததாகத் தெரியவில்லை. தண்ணீர் மொண்ட பணிவிடைக்காரரோ அறிந்திருந்தார்கள் என்று அர்ச். அருளப்பர் குறித்து வைத்திருக்கிறார். நம் ஆண்டவர் தம் முதல் புதுமையைச் செய்யத் தெரிந்துகொண்ட இடம் ஒரு கலியாண வீடு. அதை முதலில் அறிந்தவர்கள் அந்த வீட்டில் தண்ணீர் சுமந்தவர்கள். அங்கே ஒருவரும் ஒன்றும் விலைக்கு வாங்கவில்லை. நிரம்பி வழிந்தது எல்லாம் கொடை. அடுத்த கலியாணப் பந்தியில் உங்களுக்குப் பரிமாறும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். அவர்கள் சாப்பிட்டார்களா என்று கேளுங்கள்.

முடிவாகச் சில காரியங்கள்.

முதலாவது, தொகை பேசும் நிச்சயதார்த்தத்தில் இனி நான் வந்து உட்காரமாட்டேன். பெயர் கொடுக்க வரும் இரு வீட்டாரையும் ஒன்றாகவும், மணமக்களைத் தனித்தனியாகவும் கேட்பேன். உண்மை சொல்லுங்கள்.

இரண்டாவது, பங்குப் பணத்திலிருந்து சீதனத்துக்கு இனி ஒரு காசும் கிடையாது. பங்குச் சபையாரோடு கலந்து, அதைப் பெண்பிள்ளைகளின் படிப்புக்கு வைத்திருக்கிறோம். பேரம் பேசாமல் எளிமையாக நடக்கும் கலியாணங்களுக்கு நம் கோயில் கூடத்தை வாடகையின்றித் தருவோம்.

மூன்றாவது, குடும்பத் தலைவர்கள் இந்த வாரத்தில் ஒரு நாள், தங்கள் வீட்டில் விடியல் முதல் இரவு வரை நடக்கும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். அதில் எது உங்கள் பங்கு என்று மனைவியிடம் கேளுங்கள்.

நான்காவது, வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர்கள் மாதம் முடியுமுன் கூலியைத் தீருங்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், நீங்கள் உண்ணும் தட்டும் அவர்களுக்கு உண்டு.

வாலிபரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பதினோரு இனங்கள் எழுதிய அந்தக் காகிதத்துக்கு உரியவரும் ஒருவேளை இந்தத் தாளை வாசிக்கலாம். தாய் தகப்பன் பேசினார்கள், எனக்கொன்றும் தெரியாது என்று அவர் தமக்குள் சொல்லிக்கொள்ளலாம். தம்பி, பீடத்தின் முன் சம்மதம் சொல்லப் போகிறவர் உம் தகப்பனார் அல்ல, நீர்தான். ஓலை இன்னும் மூன்று முறை வாசிக்கப்படவில்லை. அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக் கிழித்துவிட உமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அப்படிச் செய்தால், உம்மை நம்பி வரும் பெண், தான் ஒரு புருஷனை விலைக்கு வாங்கினதாக அல்ல, அவரைக் கொடையாகப் பெற்றதாக ஆயுசு முழுவதும் நினைத்து நடப்பாள்.

சேசு மரி சூசை என்னும் திருக்குடும்பம் நம் இல்லங்கள் ஒவ்வொன்றையும் ஆதரித்துக் காப்பதாக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமியார்